பேபியஸின் வயல்

என்னோடு ஒன்பதாம் வகுப்பு படித்தவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் படித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி நம் ஆண்டு விழா நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள். ரோமாபுரித் தளபதி பேபியஸின் கதை. பெண்பிள்ளைகள் மீசை வரைந்துகொண்டு நடித்தது, மறைமாவட்ட ஆயர் கைதட்டியது என்று ஆளுக்கு ஒரு ஞாபகத்தை எழுதினீர்கள். யாரிடமும் ஒரு போட்டோகூட இல்லை. தளபதியாக நடித்த என்னைப் பாராட்டினீர்கள். அப்புறம் உங்களில் ஒருத்தி கேட்டாள்: "அந்த ஆசாரி எல்லாச் சாமானையும் ஒடச்சுப் போட்டாரே, ஞாபகம் இருக்கா?" ஆறு பேர் கட்டைவிரலைத் தூக்கினீர்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரத்த அழுத்த மாத்திரையைத் தேடினேன்.

ஆசாரி எதையும் உடைக்கவில்லை. அவர் மேல் விழுந்த பழிக்கும், அவர் மகளின் படிப்பு நின்றுபோனதற்கும் காரணம் வேறு. ஐம்பது வயது வாசலில் வந்து நிற்கிறது. இனியும் இதை மூடி வைக்க எனக்குத் தெம்பில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பாதியிலேயே தீர்ப்பு எழுதிவிடுவதில் நாம் எல்லோருமே கைதேர்ந்தவர்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

என் சந்தேகப் புத்தி உங்களுக்குத் தெரியும். அது வீட்டில் வந்தது. அப்பா சிவகங்கையில் அரசு அலுவலகத்தில் இருந்தார். காலையில் கோட்டையூரில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். வந்ததும் அம்மா அவர் சட்டையை வாங்கி மாட்டுகிற சாக்கில் முகர்ந்து பார்ப்பார், சிகரெட் வாடை வருகிறதா என்று. பால்காரர் ஊற்றும்போது ஒரு விரலைப் பாலில் விட்டு எடுத்துச் சொட்டுவதைப் பார்ப்பார். பூசைக்குப் போனால், பக்கத்தில் முழந்தாளிட்டவள் உண்மையிலேயே செபிக்கிறாளா என்று அம்மாவுக்கு ஒரு கண். நான் ஒருபடி மேலே போனேன். ஜியாமெட்ரி பாக்ஸை மூடும்போது விளிம்பில் ஒரு தலைமுடியை வைத்து மூடுவேன். முடி இடம் மாறியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எத்தனையோ நாள் காற்றில் விழுந்த முடிக்காக உங்களில் பல பேரோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

அது தொண்ணூறுகளின் முற்பகுதி. அந்த வருடம் ஆயர் வருகிற தேதிக்காக ஆண்டு விழாவை அக்டோபருக்கே இழுத்துவிட்டார்கள். வழக்கமாக ஏதாவது ஒரு புனிதரின் கதையைப் போடுவோம். அந்த வருடம் வரலாறு நடத்த நாகர்கோவில் பக்கமிருந்து ஓர் இளம் சிஸ்டர் வந்திருந்தார். கண்ணாடி போட்டவர், எப்போதும் சுண்ணாம்புத் தூள் படிந்த கை. மடத்து நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துவிட்டு, பேபியஸ் என்ற ரோமாபுரித் தளபதியை நாடகமாக எழுதிக்கொண்டு வந்தார். தலைமை ஆசிரியை மதருக்கு முதலிலேயே சந்தேகம். பேபியஸ் ஞானஸ்நானம் வாங்கியவரா என்று கேட்டாராம். கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு வருடம் முன்பே செத்துப்போனவர் என்றதும் மதரின் முகம் சுருங்கிவிட்டது. இது பொறுமையைப் பற்றிய கதை என்று சொல்லிச் சொல்லி சிஸ்டர் சம்மதம் வாங்கினார்.

கதையை மறந்திருப்பீர்கள், சொல்கிறேன். பேபியஸ் சின்ன வயதில் எல்லாவற்றிலும் மெதுவான பிள்ளை. ஆட்டுக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்களாம். அவர் வளர்ந்து பெரிய மனிதரான காலத்தில், ஹன்னிபால் என்ற எதிரி யானைகளோடு பனிமலையைத் தாண்டி வந்து ரோமாபுரிப் படையை அடுத்தடுத்து அடித்து நொறுக்குகிறான். ஒரு ஏரிக்கரையில் ஒரு படையே அழிந்துபோகிறது. கலங்கிப்போன ஊர், பேபியஸைக் கூப்பிட்டுத் தலைமையைக் கொடுக்கிறது. அவரோ சண்டைக்கே போக மாட்டேன் என்கிறார். ஹன்னிபால் சமவெளியில் போனால் இவர் மலைமேலேயே கூடப் போகிறார். கிட்டே வந்தால் விலகுகிறார், களைத்துப்போகட்டும் என்று காத்திருக்கிறார். ஊர் சிரிக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவரும் வேலைக்காரன் மாதிரி ஹன்னிபால் பின்னாலேயே போகிறாரே என்று கேலி பேசுகிறார்கள்.

அப்போதுதான் ஹன்னிபால் ஒரு காரியம் செய்கிறான். சுற்றுவட்டாரத்து வயல்களையெல்லாம் கொளுத்துகிறான். பேபியஸின் வயலை மட்டும் தொடவில்லை. அதற்குக் காவலுக்கு ஆளும் போடுகிறான். ஊர் உடனே, பேபியஸ் எதிரியோடு சேர்ந்துவிட்டார், இல்லாவிட்டால் அவர் வயல் மட்டும் எப்படித் தப்பும் என்று பேச ஆரம்பிக்கிறது. ஹன்னிபால் நினைத்ததும் அதுதான். பேபியஸ் அதற்கும் பதில் பேசாமல் இருக்கிறார். பிறகு, அவரைப் பழித்துப் பேசிய உதவித் தளபதியே பொறியில் மாட்டிக்கொள்ளும்போது ஓடிப்போய்க் காப்பாற்றுகிறார். அவன் வந்து, நீங்கள் எனக்குத் தகப்பன் என்று வணங்குகிறான். நாடகம் அதோடு முடியும்.

பேபியஸ் வேடத்தை சிஸ்டர் எனக்குத்தான் தருவார் என்று நான் முடிவே கட்டியிருந்தேன். பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவள், கோயிலில் வாசகம் வாசிப்பவள். சிஸ்டர் ஆசாரி மகளைக் கூப்பிட்டார். கடைசிக்கு முந்தின பெஞ்சு, ஒல்லியான பிள்ளை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டாள். கொஞ்ச நேரம் சுவரைப் பார்ப்பாள், பிறகு சொல்வாள், சரியாக இருக்கும். எனக்குக் கிடைத்தது ஹன்னிபால். ஒற்றைக் கண்ணன் என்பதால் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிவிட்டார்கள். சாம்பல் நிறப் போர்வைக்குள் இரண்டு பேர் புகுந்துகொண்டு என் யானையானார்கள்.

எனக்கு அன்றே சந்தேகம் வந்துவிட்டது. நாடகத்துக்கான மரவேலை எல்லாம் அவள் அப்பா செய்து தருகிறார், அதற்குக் கைமாறாகத்தான் இந்த வேடம் என்று உங்களில் நாலு பேரிடம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். அவளைத் தேர்ந்தெடுத்தபோது அவள் யாருடைய மகள் என்றே சிஸ்டருக்குத் தெரியாது. அவள்தான் பிறகு எங்கப்பா ஆசாரி, கேட்டுப் பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறாள். இது எனக்குத் தெரியவந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

சாமான்கள் தயாரானது உங்களுக்கு மறந்திருக்காது. செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் கொட்டான் என்கிற பனையோலைக் கூடைகளைக் கொண்டு வந்தார்கள். அதைக் கவிழ்த்து ஜிகினாத் தாள் ஒட்டினால் தலைக்கவசம். மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் வாடை ஒரு வாரம் எங்கள் கையை விட்டுப் போகவில்லை. கொட்டானின் நடுவே ஆசாரி ஒரு மெல்லிய மரப்பட்டையை வளைத்துப் பொருத்தி, அதில் துளை போட்டு, சிவப்புச் சாயம் ஏற்றிய பனை நார்த் தும்பைச் செருகித் தந்தார். டீத்தூள் பெட்டிப் பலகையில் கேடயம், உள்பக்கம் பிடித்துக்கொள்ளத் தோல்வார். அலுமினியப் பெயின்ட் அடித்த வாள். மொத்தம் பதினேழு பேருக்குச் செய்தார். அவ்வளவும் தையல் ரூமில் ஒரு நீள மேசைமேல் அடுக்கியிருந்தது.

ஆசாரி அதிகம் பேசாத மனிதர். காதில் பென்சில், தோளில் துண்டு. வேலை செய்யும்போது ஒரு சணல் சாக்கை விரித்து, உளி, இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாவற்றையும் வரிசையாக வைப்பார். எடுத்ததை எடுத்த இடத்தில்தான் திரும்ப வைப்பார். ஒருநாள் ஒத்திகையில் மகள் மீசையோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, பொம்பளப் பிள்ளைக்கு இது தேவையா என்று சிஸ்டரிடம் முணுமுணுத்தார். சிஸ்டர் சிரித்துச் சமாளித்தார். நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் ஒத்திகை. வயல் எரிகிற காட்சி. அவள் நடு மேடையில் நின்று, "என் வயல் எரியவில்லை என்பதைப் பார்க்கிறீர்கள், அதை எரிக்காதவன் யார் என்று பார்க்க மாட்டீர்களா?" என்று கேட்டாள். கத்தவே இல்லை. சொல்லிவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஓரத்தில் ஒற்றைக் கண்ணோடு நின்றேன். எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமாக வேறு சொல் இருக்கலாம், நான் தேடவில்லை.

ஒத்திகை முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். மேடைக்குப் பின்னால் ஆசாரி ஏணிமேல் நின்று படுதாவுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். கீழே சாக்கில் அவர் ஆயுதங்கள். கைக்கு எட்டியது ஒரு சின்ன உளி. எடுத்துப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டு தையல் ரூமுக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது.

பதினாறு தலைக்கவசத்திலிருந்தும் மரப்பட்டையை நெம்பி எடுத்தேன். அவர் பொருத்தியது லேசில் வரவில்லை. ஓலை கிழிந்து தும்பு மேலெல்லாம் கொட்டியது. கேடயத்தின் தோல்வார்களை அறுத்தேன். என்னுடையதையும் சேர்த்துத்தான். அப்போதுதான் புத்தி தெளிவாக வேலை செய்தது. பேபியஸின் தலைக்கவசத்தையும் கேடயத்தையும் வாளையும் தொடாமல், மேசையின் ஒரு கோடியில் நேராக அடுக்கி வைத்தேன். வராந்தாவில் யாரோ வரும் சத்தம் கேட்டது. உளியைத் தையல் மிஷினுக்குப் பின்னால் போட்டுவிட்டு வெளியே வந்து, குழாயடியில் உங்களோடு நின்று தண்ணீர் குடித்தேன். உங்களில் ஒருத்தி என் தலையில் ஒட்டியிருந்த சிவப்புத் தும்பை எடுத்துப் போட்டாள். அது யாரென்று எனக்குத் தெரியும், அவளுக்கு நினைவிருக்காது.

மறுநாள் ஆயுத பூஜை. சாயங்காலம் ஆசாரி மகள் எங்கள் வீட்டுக்குப் பொரிகடலை கொண்டுவந்தாள். எங்களுக்குள் அப்போதும் பேச்சு இருந்தது. முகம் வாடியிருந்தது. ஏனென்று கேட்டதும், பூஜைக்கு ஆயுதங்களை எடுத்து வைக்கும்போது ஓர் உளியைக் காணோம் என்றாள். தாத்தா காலத்து உளியாம். அப்பா பழைய வேலை நடந்த இடத்துக்கெல்லாம் போய்த் தேடிவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்திருக்கிறார் என்றாள். யாராவது எடுத்திருப்பார்களோ என்று நான் ஆழம் பார்த்தேன்.

"எங்க உளியை வேத்தாளு தொடமாட்டாகடி. எங்கம்மாகூடத் தொடமாட்டாக. அப்பாவும் நானும்தான்," என்றாள் அவள்.

அது அவர்கள் வீட்டு வழக்கம். ஆசாரியின் ஆயுதத்தை இன்னொருவர் கை வைத்து எடுப்பது கிடையாது. தெருவில் விழுந்து கிடந்தாலும் அவரைக் கூப்பிட்டுத்தான் காட்டுவார்கள். கோயிலில் நற்கருணை வைக்கிற நன்மைப் பாத்திரத்தை நாம் தொடாமல் இருந்தோமே, அந்த மாதிரி. எனக்கு அது தெரியாது. நான் எடுத்தது ஒரு கூர்மையான சாமான், அவ்வளவுதான்.

விடுமுறை முடிந்து தையல் ரூமைத் திறந்ததும் பள்ளிக்கூடமே அங்கே கூடிவிட்டது. நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். மதர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சேதம், ஒன்று மட்டும் பத்திரமாக இருந்தது. எல்லோர் கண்ணும் அவள் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். கெட்டிக்காரிகளே, ஒரு மாதமாக அதே காட்சியைத்தானே தினமும் ஒத்திகை பார்த்தோம்? வயல் எரியாதவரைச் சந்தேகப்பட்ட ரோமாபுரி ஜனங்களாக நடித்ததே நீங்கள்தான். நடிக்கச் சொல்லாமலேயே அன்றைக்கு இன்னும் நன்றாகச் செய்தீர்கள். ஒருத்திகூட ஹன்னிபாலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆயம்மா கூட்டும்போது தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து உளி வந்தது. மதர் ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். இது யாருடையது என்று மதர் கேட்டார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, அதன் கூர்வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, தன்னுடையதுதான் என்றார். பிறகு மகளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் ரொம்ப வருடம் தப்பாகவே புரிந்து வைத்திருந்தேன். இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் போலப் பார்த்துக்கொள்கிறார்களே, நான் செய்தது இவர்களுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று வேடிக்கை பார்த்தேன். இப்போது தெரிகிறது. அந்த உளியை எடுக்கக்கூடிய ஆட்கள் உலகத்தில் இரண்டே பேர். தான் எடுக்கவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

"தப்பு எங்க வீட்டுதுதான் மதர். ரெண்டு நாள் குடுங்க, அம்புட்டையும் புதுசாச் செஞ்சு தாரேன்," என்றார் ஆசாரி.

சொன்னபடி இரண்டு நாள் வராந்தாவில் உட்கார்ந்து செய்தார். யாரும் கிட்டே போகவில்லை. மதர் யாரையும் பள்ளியை விட்டு நீக்கவில்லை. ஆயர் வருகிற நேரத்தில் வம்பு வேண்டாம், அந்தப் பிள்ளை மேடையேற வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பேபியஸின் வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம். வேடம் எனக்கு வந்தது, ஹன்னிபாலின் கறுப்புத் துணி வேறொருத்திக்குப் போனது. அவளுக்குச் செய்த தலைக்கவசம் என் தலைக்கும் பொருந்தியது. வயல் காட்சியில் என் குரல் தழுதழுத்ததாகச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், தழுதழுக்கவில்லை, நான் நன்றாக நடித்தேன். ஆயர் எழுந்து கைதட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விழா அன்று எனக்கு மேலங்கி கட்டிவிட்டவர் சிஸ்டர். பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டே மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"பேபியஸோட வயலை எரிக்காம விட்டது யாரு?"

"ஹன்னிபால், சிஸ்டர்," என்றேன்.

அவர் முடிச்சை இறுக்கிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவருக்குத் தெரியுமா, தெரிந்தும் ஏன் விட்டார், ஆயர் வருகைக்காகவா, என்மேல் இரக்கப்பட்டா, தன் நாடகம் நடக்க வேண்டும் என்பதற்காகவா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பதிலும் எனக்கு நம்பிக்கையாக இல்லை.

அரையாண்டுத் தேர்வோடு அவள் நின்றுவிட்டாள். ஆசாரியே வந்து, இனி இங்குட்டு வேண்டாம் என்று டி.சி. வாங்கிப் போனாராம். டீச்சர் டிரெயினிங் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். பிறகு இரண்டு மூன்று தடவை டவுன் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன், தையல் பழகப் போய்க்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒக்கூரில் கட்டிக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை. பொறாமைப்பட்டேன் சாமி என்று மொத்தமாக ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வேன்.

போன வருடம் காரைக்குடியில் நம் தோழி மகள் கல்யாணம். உங்களில் பல பேர் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். நான் கடைசிப் பந்தி. கைகழுவும் இடத்தில் ஒருத்தி என் தோளைத் தொட்டாள். அதே ஒற்றைச் சடை, பாதி நரைத்திருந்தது. மண்டபத்தில் ஆள் குறைந்த பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். ஒக்கூரில் தையல் கடை வைத்திருக்கிறாள், பையன் டிப்ளமா முடித்துவிட்டான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இறந்து மூன்று வருடம் ஆயிற்று என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே, அந்த நாடகத்துக்குப் பிறகு அவரோடு தான் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை என்றாள். சோறு போடட்டுமா அப்பா என்று கேட்காமல், சாப்பாடு இருக்கு என்று பொதுவாகச் சொல்வாளாம். அப்பா என்று கூப்பிட்டு முப்பது வருடமாகிறதாம். ஆஸ்பத்திரியில் கடைசி நாளில்கூட வாய் வரவில்லையாம்.

"நாடகம் வேணாம்னாரு, படிப்பு வேணாம்னாரு. நான் கேக்கலன்ன ஒடனே ஒடச்சுப் போட்டாரு. மதர் முன்னாடி அவரே ஒத்துக்கிட்டாரே, நீயும்தானே நின்ன," என்றாள்.

அப்போது நான் பேசாமல் இருந்திருக்கலாம். முப்பது வருடம் இருந்தவள்தானே. ஆனால் அந்த மனிதர் மகள் வாயால் அப்பா என்ற ஒரு சொல் கேட்காமல் போய்ச் சேர்ந்திருக்கிறார். நான் அவளிடம், அவர் இல்லை, நான்தான் என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்கிறாய், உனக்கு எதற்கு அந்தப் பாவம் என்றாள். என் உண்மையை அவள் சந்தேகப்படுகிறாள் என்று புரிந்தது. அவளுடைய தலைக்கவசம் மட்டும் ஏன் தப்பியது என்று யோசித்துப் பார்க்கச் சொன்னேன். ஒத்திகையில் ஹன்னிபாலாக நின்றது யார் என்று கேட்டேன்.

அவள் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அந்த வசனத்தைத் தெனம் ரெண்டு தடவ பேசுனேனே," என்றாள் கடைசியில். இன்னும் கொஞ்சம் கழித்து, "அப்ப அவரு என்னைய நெனச்சிருக்காரு," என்றாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் வீட்டில் சண்டையாம். இந்த நாடகத்தோடு பள்ளிக்கூடம் போதும் என்று அவர் சொல்ல, நீங்க செஞ்சதெல்லாம் ஒடஞ்சு தூளாப் போகட்டும் என்று இவள் கத்தியிருக்கிறாள். அன்று மத்தியானம் எல்லாம் உடைந்தது. மகள் செய்ததைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதாக நினைத்து அவர் தப்பு எங்க வீட்டுது என்றிருக்கிறார். அவர் ஒத்துக்கொண்டார், உளியைத் தேடியதுகூட நடிப்பு என்று இவள் நினைத்திருக்கிறாள். ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் கேட்டால் பிள்ளை அவமானப்படும் என்று விட்டிருப்பார், நான் கேட்டால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று விட்டேன் என்றாள். இதைச் சொல்லும்போதுதான் அழுதாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கொடுக்கவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற. எந்திரி, வா," என்றாள்.

ஆட்டோவில் அவள் தம்பி வீட்டுக்குப் போனோம். என்ன செய்யப்போகிறாள், தம்பியை விட்டுத் திட்ட வைப்பாளா, தெருவைக் கூட்டுவாளா என்று என் புத்தி அப்போதும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்கூடத்தில் தம்பியும் அவர் மனைவியும் இருந்தார்கள். வாங்க, உக்காருங்க என்றார்கள். அவள் என்னை உட்கார விடவில்லை. சுவரில் ஆசாரியின் படம் மாட்டியிருந்தது. ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது, அதனால் நேராக நம்மையே பார்த்தார்.

நம் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு தட்டி இருக்கும், இருட்டு இருக்கும், முணுமுணுத்தால் போதும். இங்கே டியூப் லைட் வெளிச்சத்தில், பார்த்தறியாத இரண்டு பேருக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் உளியை நான்தான் எடுத்தேன், உங்கள் வேலையை நான்தான் உடைத்தேன், உங்கள் மகள் செய்யவில்லை என்று சொன்னேன். ஐயா என்று கூப்பிட்டேனா என்று நினைவில்லை. தம்பி எழுந்து நின்றுவிட்டார். யாரும் என்னைத் திட்டவில்லை.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையால் படத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"அப்பா, கேட்டீகளா. நீங்களும் இல்லையாம், நானும் இல்லையாம்."